கோணம் கொண்டு உலகளந்தவர்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிக் கடற்கரையை ஒட்டிச் செல்வோர், மாமல்லபுரத்தின் கற்கோயில்களையும் சதுரங்கப்பட்டினத்தின் பழைய கோட்டையையும் கடந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கடப்பாக்கம் என்னும் ஊரை அடைவர். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் உப்பங்கழி, இடையே மணல்மேடும் பனையும் தென்னையும். ஊருக்கு அருகே கழிக்கரையில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த அக்கோட்டை, பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி அழித்தனர். படைகள் வந்தன, சென்றன, அவை வாளால் வகுத்த எல்லைகளும் மறைந்தன. ஆயின் அக்கடற்கரைப் பகுதியில் 1802ஆம் ஆண்டில் தொடங்கிய மற்றொரு பெருமுயற்சியின் பயன் இன்றும் அழியாமல் நிற்கிறது. நேர்கோட்டின்மேல் அமையும் கோணங்கள் கூடி 180 பாகையாகும் என்னும் எளிய உண்மையைத் துணையாகக் கொண்டு, நிலத்தை அளந்து, அதன்வழியே பூமியின் வடிவத்தையே ஆராய முனைந்த முயற்சி அது. அதனைத் தொடங்கி நடத்தியவர் வில்லியம் லாம்டன் என்னும் அறிஞர்.

லாம்டன் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்து நாட்டின் யார்க்ஷயர் பகுதியில், எளிய உழவர் குடியில் பிறந்தார். வறுமை அவருடைய கல்விக்குத் தடையாக இருந்தது. அண்டையிலிருந்த நல்லோர் சிலர் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, நார்த்தலர்ட்டன் என்னும் ஊரிலிருந்த பள்ளியில் அவர் பயில உதவினர். அங்கே கணிதத்தின்பால் அவருக்கு உண்டான பற்று வாழ்நாள் முழுவதும் குறையவில்லை. பின்னர்ப் படையில் சேர்ந்து வட அமெரிக்கா சென்றார். அங்கு நடந்த போரில் சிறைப்பட்டு மீண்டார். அதன் பிறகு கனடாவின் நியூ பிரன்சுவிக் பகுதியில் படைவீட்டுக் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பதவியோ சிறியது, பொழுதோ மிகுதி. அந்நெடும்பொழுதை அவர் வீணாக்கவில்லை. குளிர் மிகுந்த அந்நாட்டில், ஆசிரியர் துணையின்றி, வடிவியலையும் வானியலையும் தாமே கற்றுத் தேர்ந்தார். கதிரவ மறைவு ஒன்றினை வெறுங்கண்ணால் நோக்கியதனால் அவருடைய ஒரு கண்ணின் பார்வை குன்றியது என்பர். எஞ்சிய பார்வையைக் கொண்டே அவர் பிற்காலத்தில் பல்லாயிரம் கோணங்களைக் கண்டு குறித்தார் என எண்ணும்போது வியப்பு மிகுகின்றது.

1790களின் பிற்பகுதியில் லாம்டன் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799ஆம் ஆண்டு மைசூர்ப் போரின்போது ஒரு நிகழ்ச்சி நடந்தது. இருள் சூழ்ந்த இரவில் பேர்டு என்னும் தளபதியின் படை, தெற்கே செல்வதாகக் கருதிக்கொண்டு, திப்புவின் பாசறை இருந்த வடதிசை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. லாம்டன் விண்மீன்களை நோக்கினார், திசை தவறியதை உணர்ந்தார், தளபதியிடம் எடுத்துரைத்தார். திசைகாட்டும் கருவியைக் கொண்டு பார்த்தபோது அவர் கூற்றே மெய்யாயிற்று. விண்ணை நோக்கி மண்ணில் வழி காண வல்லவர் அவர் என்பது அன்று வெளிப்பட்டது.

போர் முடிந்தபின் லாம்டன் ஓர் அரிய திட்டத்தை அரசின்முன் வைத்தார். இந்தியத் தீபகற்பத்தின் கீழ்க்கரை முதல் மேற்கரை வரை முக்கோணங்களை வலைபோல் பின்னி, ஒவ்வோர் இடத்தின் நிலையையும் பிழையின்றிக் காணவேண்டும் என்பது அத்திட்டம். கம்பெனி ஆட்சியினர் விரும்பியது வரி தண்டவும் படை நடத்தவும் உதவும் நாட்டுப்படம். லாம்டனின் உள்ளமோ பூமியின் உண்மை வடிவத்தை அறிவதிலும் நாட்டம் கொண்டிருந்தது. செலவை எண்ணிச் சிலர் இத்திட்டத்தை எதிர்த்தனர். சென்னையில் நிதி பற்றி ஆராய்ந்த குழுவினருள் ஒருவர், சீரங்கப்பட்டினம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், லாம்டனின் படம் எதற்கு என எள்ளி நகையாடினாராம். லாம்டன் மனந்தளரவில்லை. ஊருக்குப் போகும் வழியை அறிவது வேறு. அவ்வூர் பூமிப்பந்தின்மேல் எங்கே உள்ளது என்பதை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தோரும் அரசில் இருந்தனர். அவர்களுடைய ஆதரவால் அனுமதி கிடைத்தது.

மலைக்கும் காட்டுக்கும் ஆற்றுக்கும் குறுக்கே சங்கிலியை இழுத்துச் சென்று நாட்டை அளப்பது இயலுவதன்று. அவ்வாறாயின் லாம்டன் எவ்வாறு அளந்தார்? பள்ளியில் பயிலும் வடிவியல் பாடமே அவருக்குக் கைகொடுத்தது. ஒரு நேர்கோட்டின்மேல் மற்றொரு கோடு வந்து நிற்குமாயின் அங்கே அடுத்தடுத்து இரண்டு கோணங்கள் உண்டாகின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. ஒன்று 70 பாகையாயின் மற்றது 110 பாகை. இவ்வாறு கூடி 180 பாகையாகும் இரு கோணங்களை மிகைநிரப்புக் கோணங்கள் என்பர். இரண்டு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்கள் சமமாக இருப்பதும் இதனாலேயே. இரண்டும் ஒரே கோணத்துக்கு மிகைநிரப்பாக உள்ளன அல்லவா?

இனி, ஒரு முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைவோம். இணைகோடுகளை வேறொரு கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். ஆதலால் அடியிலுள்ள இரண்டு கோணங்களும் உச்சிக்கோணத்தின் இருமருங்கிலும் வந்து அமர்ந்தாற்போல் ஆகின்றன. மூன்றும் சேர்ந்து, நாம் வரைந்த நேர்கோட்டை நிரப்புகின்றன. எனவே முக்கோணத்தின் மூன்று கோணங்களும் கூடி 180 பாகை. இரு கோணங்களைக் கூட்டினால், அக்கூட்டுத்தொகைக்கு மிகைநிரப்பாக இருப்பதே மூன்றாவது கோணம். இரு கோணங்கள் 58 பாகையும் 67 பாகையும் ஆயின், கூட்டுத்தொகை 125, மூன்றாவது 55. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்துவிட்டால் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாம். அப்பக்கங்களின்மேல் புதிய முக்கோணங்களை எழுப்பலாம். இவ்வாறு ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்து, கோணங்களின் துணையால் நாடு முழுவதையும் அளந்துவிடலாம். இம்முறைக்கு முக்கோண அளவை என்று பெயர்.

ஆயின் முதற்கோட்டில் பிழை நேர்ந்தால், அதன்மேல் எழும் அனைத்திலும் அப்பிழை பரவும். ஆகவே லாம்டன் அவ்வடிக்கோட்டைப் பெரிதும் விழிப்போடு அளந்தார். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியில் அவ்வேலை தொடங்கியது. அவர் கையாண்ட எஃகுச் சங்கிலி 100 அடி நீளமுடையது. முன்னர்ச் சீனப் பேரரசருக்குக் காணிக்கையாகக் கொண்டு செல்லப்பட்டு, ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது அச்சங்கிலி. அதனை வெறுந்தரையில் கிடத்தாமல், மரப்பெட்டிகளுள் இட்டு, தாங்கிகளின்மேல் நேராக நிறுத்தி, ஏறத்தாழ 400 முறை மாற்றி மாற்றி வைத்து அளந்தனர். வெயிலில் எஃகு நீளும் என்பதனால் வெப்பமானிகளையும் உடன் வைத்துப் பார்த்தனர். பாரன்ஹீட் அளவில் ஒரு பாகை வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாது விட்டாலும், அக்கோடு முழுமைக்கும் மூன்று அங்குலம் பிழையாகிவிடும். சித்திரை வெயிலில் அத்துணைப் பொறுமையோடு கண்ட அடிக்கோட்டின் நீளம் 40,006 அடிக்குச் சற்று மிகுதி. அதாவது ஏழரை மைலுக்கு மேல்.

அடிக்கோடு கிடைத்தது. கோணங்களை அளக்கும் கருவியான தியோடலைட் வேண்டுமே? இலண்டனில் கேரி என்பவர் லாம்டனுக்காகச் செய்த தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. அதன் கிடைவட்டம் மூன்றடி விட்டமுடையது. அதனை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியிலே கைப்பற்றி மொரீசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, அஃது அறிவியற்கருவி என்பது விளங்கியது. இங்கிலாந்தோடு பகை கொண்டிருந்த போதிலும், தீவின் ஆளுநர் அதனைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகைவர்க்கிடையேயும் அறிவுக்கு மதிப்பு உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பின்னர் லாம்டனின் குழுவினர் செங்கற்பட்டுச் சீமையின் குன்றுகளிலும், கடற்கரையை அடுத்த மேடுகளிலும், தென்னார்க்காட்டுப் பகுதியிலும் முக்கோணங்களை அமைத்துச் சென்றனர். தொலைவிலுள்ள குன்றின்மேல் கம்பத்தில் கொடி பறக்கும். அக்கொடியைத் தியோடலைட்டின் தொலைநோக்கியால் கண்டு கோணத்தைக் குறிப்பர். பாகையை அறுபதாகப் பகுத்தால் ஒரு கலை. கலையை அறுபதாகப் பகுத்தால் ஒரு விகலை. பத்து மைல் தொலைவில் ஒரு பாகைப் பிழை 900 அடிக்கு மேற்படும். ஒரு விகலைப் பிழையோ மூன்று அங்குலமே ஆகும். லாம்டனின் நோக்கம் விகலையளவில் உண்மை காண்பதாக இருந்தது. கடலிலிருந்து எழும் ஈரப்பதமும், மணலிலிருந்து எழும் வெப்பக்காற்றும் தொலைவிலுள்ள கொடியை அசைத்துக் காட்டும். அப்போது மீண்டும் மீண்டும் நோக்குவர். கருவிகளைச் சுமந்தோரும், மரக்கிளைகளை வெட்டிப் பார்வைக்கு வழி செய்தோரும், குன்றுகளின்மேல் கொடி காத்தோரும் இந்நாட்டு மக்களே. அவர்களுள் பலரின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. ஆயினும் அவர்கள் உழைப்பின்றி ஒரு கோணமும் கிடைத்திராது. சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்களும் உதவியாளராக இருந்து, கணக்கிடும் பணியில் துணைபுரிந்தனர்.

கணக்கிடும்போதும் மிகைநிரப்புக் கோணத்தின் பயன் வெளிப்பட்டது. முக்கோணத்தின் பக்கங்களைக் காண உதவும் சைன் என்னும் அளவு, ஒரு கோணத்துக்கும் அதன் மிகைநிரப்புக் கோணத்துக்கும் ஒன்றாகவே இருக்கும். அட்டவணையோ 90 பாகை வரையில்தான். எனவே 110 பாகையுள்ள விரிகோணம் வருமிடத்து, அதனை 180இலிருந்து கழித்து, 70 பாகைக்குரிய எண்ணை எடுத்துக்கொண்டால் போதும்.

இங்கே மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரு கோணங்களை அளந்தால் மூன்றாவது தானே கிடைத்துவிடும். அவ்வாறிருக்க, மூன்றாவது குன்றின்மேல் அரை டன் கருவியை ஏற்றி மற்றொரு முறை ஏன் அளக்கவேண்டும்? கழித்துக் கண்ட கோணம், முன்னிரண்டில் உள்ள பிழைகளையும் தன்னுள் மறைத்துக்கொள்கிறது. மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால் மட்டுமே பிழை தலைகாட்டும். தம் வேலையைத் தாமே சோதித்துக்கொள்ளும் நேர்மை லாம்டனிடம் இருந்தது. கூடுமானவரை மூன்று கோணங்களையும் அளந்து பார்ப்பதே சிறந்தது என அவர் கொண்டார்.

அங்ஙனம் கூட்டிப் பார்த்தபோது, பெரிய முக்கோணங்களின் கோணங்கள் 180 பாகையைச் சில விகலைகள் கடந்து நிற்கவேண்டியிருந்தது. அப்படியாயின் வடிவியல் பொய்யோ? அன்று. தட்டையான தாளுக்கு உரியது 180 பாகை. பூமியின் மேற்பரப்போ உருண்டையானது. உருண்டையின்மேல் வரைந்த முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையினும் மிகுதியாகவே இருக்கும். பரப்பு ஏறத்தாழ 76 சதுர மைலுக்கு ஒரு விகலை வீதம் அம்மிகுதி வளரும். முப்பது மைல் பக்கமுடைய சமபக்க முக்கோணத்தில் அஃது ஐந்து விகலையாகும். லாம்டன் பூமியின் வளைவால் வரும் மிகுதியைக் கணக்கிட்டு நீக்கினார். அதன்பின்னும் எஞ்சியதையே தம் பிழை எனக் கொண்டு திருத்தினார். பூமி உருண்டை என்பதற்குக் கடப்பாக்கத்தை உள்ளிட்ட கடற்கரை நாட்டில் கிடைத்த சான்று, அச்சில விகலைகளே.

அடுத்து, அக்கடற்கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு நெடுங்கோட்டின் நீளத்தை லாம்டன் கண்டார். அதன் தென்முனை கடலூரை அடுத்த திருவந்திபுரம்; வடமுனை சென்னைக்கு வடக்கே உள்ளது. இரு முனைகளிலும் இரவுதோறும் விண்மீன்களை நோக்கினார். விண்மீன் நெடுந்தொலைவில் இருப்பதால் அதன் ஒளிக்கதிர்கள் இரண்டு இடங்களுக்கும் இணைகோடுகளாகவே வருகின்றன. தூக்குநூல் காட்டும் உச்சித்திசைக்கும் விண்மீனுக்கும் இடையேயுள்ள கோணமோ இடத்துக்கு இடம் மாறுகிறது. கதிர்கள் இணையாதலின், அம்மாற்றமே இரண்டு தூக்குநூல்களுக்கும் இடையேயுள்ள கோணமாகும். இணைகோடுகளின் கோணங்களைப் பற்றிப் பள்ளியில் கற்கும் அதே உண்மை, பூமியின் உட்புறத்தில் யாரும் சென்று பார்க்க இயலாத கோணத்தைக் காட்டிக் கொடுத்தது. அக்கோணம் 1 பாகை 34 கலை 56 விகலை. அதற்கு ஏற்ற தரைநீளம் ஏறத்தாழ 109 மைல். ஆகவே, இப்பகுதியில் ஒரு பாகைக்குரிய நீளம் ஏறத்தாழ 3,63,000 அடி, அதாவது 68¾ மைல் என லாம்டன் முடிவு செய்தார். இக்காலக் கருவிகள் காட்டும் அளவும் அதனோடு பெரிதும் ஒத்திருக்கிறது. அக்கோட்டின் நடுவிடம் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய அட்சரேகையில் அமைகிறது; கடப்பாக்கம் அதற்குச் சிறிது தெற்கே அவ்வளவுக்குள் அடங்கியுள்ளது. வடநாடுகளில் பிறர் கண்ட ஒரு பாகையின் நீளம் இதனினும் மிகுதி. இவ்வேறுபாட்டினால், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்னும் உண்மை மேலும் உறுதிப்பட்டது.

முக்கோண வலை மேற்கு நோக்கி வளர்ந்தது. 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு சங்கிலியால் அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், தரையில் நேரே அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில் இவ்வளவே பிழை! வலை மேற்கரையை அடைந்தபோது, தீபகற்பத்தின் அகலம் அதற்கு முன்னர்ப் படங்களில் காட்டியதினும் ஏறத்தாழ 40 மைல் குறைவு என்பது தெளிவாயிற்று. பல்லக்குத் தூக்குவோரால் இதனைக் கூறியிருக்க முடியுமோ?

1808ஆம் ஆண்டில் லாம்டனுக்குப் பெருஞ்சோதனை ஒன்று தஞ்சையில் நேர்ந்தது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோயிற்கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றி நோக்குவது அவர் வழக்கம். நிலமளக்கும் கோலை உலகளந்த கோல் எனப் பெயரிட்டு வழங்கியது தமிழ்நாடு. 1001ஆம் ஆண்டையொட்டித் தன் நாட்டு நிலங்களை அளப்பித்த முதலாம் இராசராசன் எழுப்பிய பெரிய கோயிலே அன்று லாம்டனின் அளவைக்கும் இடமாயிற்று. தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே தூக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. நுண்ணிய கோடுகள் பொறித்த வட்டம் உருக்குலைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருப்பர்; அன்றிப் பழுதுபட்ட கருவியைக் கொண்டே ஒப்பேற்றியிருப்பர். லாம்டன் இரண்டும் செய்யவில்லை. கூடாரத்தினுள் புகுந்து, தேர்ந்த கைவினைஞர் தவிர வேறு எவரையும் உள்ளே விடாமல், ஆறு வாரம் உழைத்தார். ஆப்புகளாலும் திருகாணிகளாலும் வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து, ஏறக்குறைய முன்னைய வடிவுக்கே கொண்டுவந்தார். வட்டம் கோணினால் கோணம் பொய்க்கும்; கோணம் பொய்த்தால் நாடு முழுவதும் பொய்க்கும் என்பதை அவர் அறிவாரன்றோ?

அதன்பின் குமரிமுனையை அடுத்த பகுதியிலிருந்து வடக்கு நோக்கி நீளும் பெருவளைவை அளப்பதில் லாம்டன் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 1817ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1818ஆம் ஆண்டில் அவருடைய பணி, இந்தியப் பெருமுக்கோண அளவை என்னும் பெயரைப் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்டு அவருக்குத் துணையாக அமர்த்தப்பட்டார். காட்டுக் காய்ச்சலும் மழையும் குழுவினரை வருத்தின. முதுமை வந்தும் லாம்டன் ஓய்வு கொள்ளவில்லை. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்குச் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள இங்கன்காட் என்னும் ஊரில், 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் உயிர் நீத்தார். அதற்குள் 1,65,000 சதுர மைலுக்கு மேற்பட்ட நிலப்பரப்பை அவருடைய முக்கோணங்கள் தழுவியிருந்தன. அவருக்குப்பின் எவரெஸ்டு அவ்வளைவை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். இந்தியரான இராதாநாத் சிக்தர் முதலானோர் கணக்கிட்டு உலகின் உயர்ந்த சிகரத்தைக் கண்டறிந்ததும், பரங்கிமலையில் தொடங்கிய அம்முறையின் தொடர்ச்சியே.

ஏப்ரல் 10ஆம் நாளை இந்தியா தேசிய நில அளவை நாளாகப் போற்றிவருகிறது. பரங்கிமலையின்மேல் லாம்டனின் உருவச்சிலை நிற்கிறது. அவரை அனுப்பிய கம்பெனியின் ஆட்சி ஒழிந்தது. அவர் அளந்த அளவு ஒழியவில்லை. அவருடைய கருவி பெரிது. உழைப்பு அதனினும் பெரிது. எனினும் அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக நின்றது, இரு கோணங்கள் கூடி ஒரு நேர்கோட்டை நிரப்பும் என்னும் சிறிய பாடமே. எளிதாகக் கழித்துக் கண்டுவிடக்கூடிய மூன்றாவது கோணத்தையும் சென்று அளந்து பார்க்கும் உள்ளம் எவரிடம் உண்டோ, அவர் கைக்கு அச்சிறிய பாடமே உலகளக்கும் கோலாகும்.